விண்வழிப் பேச்சும் சுருதித் திருத்தமும்

இரயில் நிலையத்தில் பணிபுரிவோர் அனைவரும் நாள்தோறும் கேட்கும் ஒலி ஒன்று உண்டு. நில்லாமல் கடந்து செல்லும் விரைவு வண்டி தொலைவில் ஊதிக்கொண்டே வரும்போது அதன் ஒலி கூர்மையாக இருக்கும். மேடையைக் கடந்த அந்தக் கணமே சுருதி இறங்கி, தடித்த குரலாக மாறி, அப்படியே மறைந்து போகும். ஊதுகுழலில் எந்த மாற்றமும் இல்லை. வண்டியின் உள்ளே இருக்கும் ஓட்டுநரைக் கேட்டால், ஒலி முதலிலிருந்து முடிவு வரை ஒரே சுருதியில்தான் இருந்தது என்று சத்தியம் செய்வார். மேடையில் நின்ற எழுத்தனாகிய நானோ மாறியது என்று சாதிப்பேன். இருவர் கூற்றும் உண்மையே. இந்த விந்தையைப் பற்றியும், விண்ணில் பறக்கும் துணைக்கோள்களின் வழியே பேச முயல்வோர்க்கு அது தரும் வேலையைப் பற்றியும், நம் சங்கத்து அன்பர்களுக்கு எளிய முறையில் சொல்ல விரும்புகிறேன்.

இந்த இயல்பை முதலில் கணக்கிட்டுச் சொன்னவர் ஆஸ்திரிய நாட்டு அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளர். 1842-ஆம் ஆண்டு பிராக் நகரில் அவர் தம் கட்டுரையைப் படித்தார். அலையை எழுப்பும் பொருள் நம்மை நோக்கி வந்தால் அலைகள் நெருங்கி வந்து சேரும். விலகிச் சென்றால் இடைவெளி விட்டு வந்து சேரும். நெருங்கி வருவதைக் காது உயர்ந்த சுருதியாகவும், இடைவெளி விட்டு வருவதைத் தாழ்ந்த சுருதியாகவும் உணரும். கொள்கை இவ்வளவே. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க அக்காலத்தில் போதிய வேகமுள்ள வாகனம் இரயில் ஒன்றுதான். 1845-இல் ஹாலந்து நாட்டு அறிஞர் பைஸ் பாலட் என்பவர், உட்ரெக்ட் நகரை அடுத்த இருப்புப் பாதையில் வண்டியில் எக்காளம் ஊதுவோரை ஏற்றி ஓடவிட்டார். சுருதி ஞானம் மிக்க இசைவாணர்களைப் பாதையோரத்தில் நிறுத்திக் கேட்கச் செய்தார். டாப்ளரின் கணக்கு மெய்ப்பட்டது. இரயில்வே ஊழியர்களாகிய நாங்கள் இந்தச் சோதனையைச் சற்றுப் பெருமையோடு நினைத்துக்கொள்வதில் தவறில்லை அன்றோ?

இனி விண்ணுக்கு வருவோம். வானொலியில் பேசுவதைப் பொழுதுபோக்காகவும் பயிற்சியாகவும் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அமெச்சூர் வானொலியாளர் என்றும், ‘ஹாம்’ என்றும் அவர்களைச் சொல்வார்கள். இதற்கு மத்திய அரசின் தேர்வில் தேறி உரிமம் பெறவேண்டும். ஊதியம் வாங்கிக்கொண்டு பேசக்கூடாது. இத்தகையோர்க்கென்றே சிறு துணைக்கோள்கள் பறக்கின்றன. தரையிலிருந்து செல்லும் குரலை ஓர் அதிர்வெண்ணில் வாங்கி, மற்றோர் அதிர்வெண்ணில் அவை திருப்பி அனுப்பும். நம் நாடும் 2005-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ‘ஹாம்சாட்’ என்னும் கோளை இதற்காக ஏவியது. எடை 42.5 கிலோகிராம். அதில் இருந்த இரு கருவிகளில் ஒன்று இந்தியாவில் செய்யப்பட்டது. மற்றொன்று ஹாலந்து நாட்டு அமெச்சூர் வானொலியாளர் ஒருவர் செய்தளித்தது. மின்கலம் பழுதுற்று 2014 ஜூலையில் அது ஓயும்வரை, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் இத்தகைய கருவி ஒன்று உண்டு. 145.990 மெகாஹெர்ட்ஸில் பேச்சை வாங்கி, 437.800 மெகாஹெர்ட்ஸில் திருப்பி அனுப்பும் ஏற்பாடு அங்கே 2020 செப்டம்பரில் தொடங்கப்பட்டது.

விண்வெளி நிலையம் வினாடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அது அடிவானத்தில் எழும்போது, அந்த வேகத்தில் நம்மை நேர்நோக்கி வரும் பகுதி மட்டும் வினாடிக்கு 7.2 கிலோமீட்டர் அளவு. வானொலி அலை செல்வதோ வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். ஆகவே வந்து சேரும் அலையில் ஏற்படும் மாறுதல் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரயிலின் ஊதல் பதினேழில் ஒரு பங்கு மாறுகிறது. அதனோடு ஒப்பிட்டால் இது அற்பம் என்று தோன்றும். ஆனால் 437.800 மெகாஹெர்ட்ஸில் அந்த அற்பப் பங்கே பத்துக் கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஆகிவிடுகிறது. நம் வானொலிப் பெட்டி திறந்து வைக்கும் வாயிலின் அகலம் சுமார் பதினைந்து கிலோஹெர்ட்ஸ்தான். நடுவிலிருந்து ஒரு பக்கம் ஏழரை. பத்துக் கிலோஹெர்ட்ஸ் தள்ளி வருகிறவன் கதவில் மோதிக்கொள்ளாமல் என்ன செய்வான்? இரைச்சல்தான் கேட்கும், பேச்சுக் கேட்காது.

திருத்தும் முறை எளிது. கோள் எழும்போது 437.810-இல் கேட்கத் தொடங்கவேண்டும். உயர உயர 437.805, உச்சியை அடையும்போது 437.800, இறங்கும்போது 437.795, மறையும் தருவாயில் 437.790. இந்த ஐந்து எண்களையும் பெட்டியின் நினைவில் வரிசையாகப் பதித்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு படியாகக் குமிழைத் திருப்பினால் போதும். நாம் பேசி அனுப்பும் 145.990-இல் மாறுதல் மூன்றரைக் கிலோஹெர்ட்ஸ் அளவே. வாயிலுக்குள் அடங்கிவிடுவதால் அதைத் தொடவேண்டியதில்லை. எண் பெரிதானால் மாறுதலும் பெரிதாகும் என்பதே விதி.

இதில் பழகாதவர் எதிர்பாராத ஒன்று உண்டு. தலைக்கு மேலாகக் கடக்கும் நிலையம் நம் பார்வையில் இருப்பது பத்து நிமிடம். மாறுதல் அந்தப் பத்து நிமிடத்திலும் சீராகப் பரவி நடப்பதில்லை. எழும்போது முதல் சில நிமிடங்கள் எண் அசையாமலே இருப்பது போல் தோன்றும். முப்பது பாகை உயரத்துக்கு வந்தபின், உச்சியைக் கடந்து மறுபுறம் முப்பது பாகைக்கு இறங்குவதற்குள் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஆகும். மொத்த மாறுதல் இருபத்தொரு கிலோஹெர்ட்ஸ் என்றால், அதில் பதினெட்டு இந்த மூன்று நிமிடத்துக்குள் நடந்துவிடும். நெடுநேரம் ஒன்றும் மாறாதது போல் இருந்து, அருகில் வந்து கடக்கும்போது எல்லாம் ஒருசேர மாறிவிடுகிறது.

நான் இதைப் பயில்வது பெரும்பாலும் போனக்காட்டில். திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுரைக்கு அப்பால் மலைமேல் இருக்கும் தேயிலைத் தோட்டம் அது. தமிழர் அகத்தியரின் இருப்பிடமாகப் போற்றும் அகத்தியர்கூட மலைக்குச் செல்வோர் நடக்கத் தொடங்கும் இடமும் அதுவே. எங்கள் தாத்தா காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கொழுந்து பறிக்க ஏறிய குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. தோட்டத்து வேலை நொடித்தபின் பலர் இறங்கிவிட்டனர். வரவேண்டிய பாக்கி வராமல் லயத்தை விட்டு இறங்க மாட்டேன் என்று இருப்பவர்களில் என் தந்தையும் ஒருவர். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் நான் மலை ஏறுவது அவரைப் பார்க்கத்தான். கைப்பேசிக்கு அங்கே சரியான தொடர்பு இல்லை. கொழுந்து நிறுத்தும் பழைய மேடையில் நின்றுகொண்டு, இரும்பு அளவு நாடாவைத் துண்டித்து நானே கட்டிய ஆன்டெனாவை வானத்தை நோக்கிப் பிடித்தால், ஒரு கடல் தாண்டிய குரல் கேட்கிறது.

ஆனால் மலையூரில் ஓர் இடர் உண்டு. கடற்கரையில் நிற்பவருக்குக் கோள் அடிவானத்திலிருந்தே கிடைக்கும். எங்களுக்கோ கிழக்கே மலைத்தொடர் சுவர் போல் நிற்கிறது. கிழக்கே இறங்கும் கோள், உரிய நேரத்துக்கு முன்பே முகட்டுக்குப் பின் மறைந்துவிடும். ஆகையால் பத்து நிமிடத்தில் எங்களுக்குக் கிட்டுவது குறைவு; அதிலும் பெரும்பகுதி, எண் விரைந்து மாறுகின்ற அந்த நடு நேரமே. குமிழின்மேல் விரல் இருந்தபடியே இருக்கவேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு மாலை. நிலையம் வடமேற்கே எழுந்து, தலைக்கு மேலே கடந்து, தென்கிழக்கே விலகிக்கொண்டிருந்தது. என் பெட்டி 437.790-க்கு வந்துவிட்டது. மலை மறைக்க இன்னும் ஒரு நிமிடமே இருந்த நேரத்தில், புதிய குரல் ஒன்று தன் அடையாளக் குறியைச் சொல்லி அழைத்தது. ஊர் பினாங்கு. எங்களிடமிருந்து ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் கிழக்கே, வங்கக் கடலுக்கு அப்பால் உள்ள ஊர். எங்களுக்கு விலகிச் சென்றுகொண்டிருந்த அதே நிலையம், அதே கணத்தில் அவருக்கு மேற்கே கடலுக்கு மேல் அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. ஆகவே நான் 437.790-இல் கேட்டதை அவர் 437.800-க்கு மேற்பட்ட எண்ணில் கேட்டுக்கொண்டிருந்தார். நிலையம் அனுப்பியது இரண்டும் அல்ல, 437.800. ஒரே பேச்சு, ஒரே நேரம். இரண்டு பெட்டிகளிலும் வெவ்வேறு எண். அவருடைய எண்ணை நான் வைத்துக்கொண்டிருந்தாலும், என் எண்ணை அவர் வைத்துக்கொண்டிருந்தாலும், இருவர் காதிலும் இரைச்சலன்றி வேறொன்றும் விழுந்திராது.

குறி, ஊர், ஒலியின் தரம் ஆகிய மூன்றையும் பரிமாறிக்கொண்டோம். முகடு மறைத்தது, ஒலி நின்றது. பக்கத்தில் அடுத்த லயத்து ஆச்சி நின்றுகொண்டிருந்தார். எண்பது வயதை நெருங்கியவர்.

“பினாங்குன்னு காதிலே விழுந்ததே, ஐயா?” என்றார்.

“ஆமாம் ஆச்சி. பினாங்குக்காரர்தான் பேசினார்.”

“எங்க பெரியப்பா அங்கேதான் ரப்பர்த் தோட்டத்துக்குக் கப்பல் ஏறினார். இரண்டு காகிதம் வந்ததாம். அப்புறம் ஒன்றுமில்லை. அவர் பிள்ளைகளை விசாரிக்கச் சொல்லேன்.”

என்ன சொல்வது? பிறர் சார்பாகச் செய்தி சொல்வதும் விசாரிப்பதும், பேரிடர்க் காலம் தவிர, வெளிநாட்டு அமெச்சூர் உரையாடலில் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. விதி ஒருபுறம் இருக்க, ஒரு நிமிடத்தில் யாரை, எப்பெயர் சொல்லி விசாரிப்பது? ஆச்சிக்கு இதை விளக்கினேன். அவர் வருந்தியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. சற்று நேரம் கழித்து வேறொன்று கேட்டார்.

“பேசும்போது நீ அதைத் திருகிக்கிட்டே இருந்தாயே, அது எதுக்கு?”

“அது நகர்ந்துகொண்டே இருக்கிறது ஆச்சி. திருகாவிட்டால் குரல் கேட்காது.”

“அந்த ஆளும் திருகணுமா?”

“அவர் பக்கத்தை அவர் திருகிக்கொள்வார். என் பக்கத்தை நான்.”

“சரிதான். நீ அவன் பக்கத்தைத் திருக முடியாது இல்லையா?” என்று சொல்லிவிட்டு, அடுப்பில் உலை வைத்திருப்பது நினைவுக்கு வந்து போய்விட்டார்.

ஆச்சி அறியாமலே, இத்துறையின் முக்கியமான விதியைத் தொட்டுவிட்டார். அதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். விண்வெளி நிலையத்தில் இருப்பது ஒரே வாயில் உள்ள கருவி. ஒருவர் பேசினால் மற்றவர் கேட்கவேண்டும். ஹாம்சாட்டில் இருந்ததோ அகன்ற கருவி. பலர் அடுத்தடுத்த இடங்களில் ஒரே நேரத்தில் தனித்தனியே பேசிக்கொள்ளலாம். தரையிலிருந்து 435.250-ஐ நடுவாகக் கொண்ட அறுபது கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் வாங்கி, 145.900-ஐ நடுவாகக் கொண்ட அதே அகலத்தில் திருப்பி அனுப்பியது. அத்தகைய கருவிகளில் பேசும் முறையில், எண் சற்றுப் பிசகினாலும் ஆண் குரல் குழந்தைக் குரலாகும். அல்லது பூதத்தின் குரலாகும்.

அதை அமைத்தவர்கள் ஒரு நல்ல உபாயம் செய்திருந்தார்கள். மேலே செல்லும் அலையைத் தலைகீழாகத் திருப்பி அனுப்பும்படி வைத்தார்கள். கோள் நெருங்கி வரும்போது, நாம் அனுப்பும் அலை அங்கே பத்துக் கிலோஹெர்ட்ஸ் உயர்ந்து போய்ச் சேரும். தலைகீழாகத் திருப்புவதால் அந்த உயர்வு தாழ்வாகிவிடும். இறங்கி வரும் அலை வழியில் மூன்றே கால் கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் உயரும். ஆகப் பத்தில் மூன்றுக்கு மேல் கழிந்து, ஆறே முக்கால் அளவே பிசகு நிற்கும். தலைகீழாக்காமல் விட்டிருந்தால் இரண்டும் கூடிப் பதின்மூன்றுக்கு மேல் ஆகியிருக்கும்.

மீந்த பிசகைத் திருத்துவதில்தான் சச்சரவு. தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்கும்படி ஒருவர் அனுப்பும் எண்ணை மட்டும் மாற்றுவார். அவரைக் கேட்பதற்காக மற்றவர் தம் எண்ணை மாற்றுவார். அவர் மாறியதைக் கண்டு இவர் மீண்டும் மாறுவார். ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டே இருவர் பேச்சும் கருவியின் அகலத்தில் வழுக்கிச் சென்று, பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த மூன்றாமவர் மேல் மோதும். இதற்குத் தேர்ந்தவர்கள் கண்ட தீர்வு ஒன்றே. தரையில் என்ன எண் தெரிகிறது என்று பாராதே. கோளின் இடத்தில் எண் நிலையாக இருக்கவேண்டும் என்று வைத்துக்கொள். அங்கே போய்ச் சேரும்போது சரியாக இருக்கும்படி உன் அனுப்பும் எண்ணை மாற்று. அங்கிருந்து வருவது உன்னிடம் எவ்வளவு பிசகுமோ அவ்வளவு உன் கேட்கும் எண்ணை மாற்று. எதிரில் இருப்பவரின் பிசகைத் திருத்த முயலாதே. அவர் நிற்கும் இடம் அவருக்குத்தான் தெரியும். எல்லோரும் இவ்வாறு செய்தால், எவர் எந்த ஊரில் இருந்தாலும் பேச்சு இடம் பெயராது. இப்போது கணிப்பொறி, கோளின் பாதையைக் கணக்கிட்டு இரண்டு எண்களையும் தானே மாற்றித் தருகிறது. ஆனால் கணிப்பொறியும் செய்வது இதே வேலைதான்.

பிசகு என்று நாம் சலித்துக்கொள்ளும் இதுவே பெரும் பயனும் தந்திருக்கிறது. 1957 அக்டோபர் 4-ஆம் நாள் ரஷ்யா ‘ஸ்புட்னிக்’கை ஏவியபோது, அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த கையர், வைஃபன்பாக் என்னும் இருவர் அதன் ஒலியைப் பதிவு செய்தனர். சுருதி இறங்கும் விதத்தை மட்டும் கொண்டே கோளின் பாதையைக் கணக்கிட்டுவிட்டனர். நாம் நிற்கும் இடம் தெரிந்தால் கோளின் பாதை தெரியும். அப்படியானால் கோளின் பாதை தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரியுமன்றோ? இந்தக் கேள்வியிலிருந்துதான் ‘டிரான்சிட்’ என்னும் முதல் துணைக்கோள் வழிகாட்டி முறை பிறந்தது. கடலில் தத்தளிக்கும் கப்பலும் மலையில் விழுந்த விமானமும் எழுப்பும் அபய ஒலியைத் துணைக்கோள்களால் கேட்டு, சுருதி மாறும் விதத்தைக் கொண்டு இடத்தைக் கண்டறியும் பன்னாட்டு ஏற்பாடு 1982 முதல் உயிர்களைக் காத்துவருகிறது. பிசகே இல்லாத ஒலியிலிருந்து இந்தச் செய்தி கிடைத்திராது. நெருங்குகிறதா, விலகுகிறதா, எவ்வளவு அருகில் கடக்கிறது என்பதையெல்லாம் அந்தப் பிசகே சொல்கிறது.

நகராத கோளும் இல்லாமல் இல்லை. 2018 நவம்பரில் கத்தார் நாட்டுக்காக ஏவப்பட்ட ‘எஸ்ஹெய்ல்-2’ என்னும் கோளில் அமெச்சூர்களுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சிக்கு ஈடாகச் சுழல்வதால், ஒரே இடத்தில் நிற்பது போல் தோன்றும். அதற்குக் குமிழைத் திருப்பவேண்டிய தேவை அநேகமாக இல்லை. ஆனால் அவ்வளவு தொலைவுக்குக் குரலை எட்டச் செய்யத் தட்டு ஆன்டெனாவும் விலை மிகுந்த கருவிகளும் வேண்டும். அருகில் வருவது நகரும். நகராதது தொலைவில் நிற்கும். நம் கைக்கு எட்டுவதைக் கொண்டு பேச விரும்பினால், திருத்திக்கொள்ளும் பொறுமை வேண்டியிருக்கிறது.

நம் சங்கத்துக் குடும்பங்களில் எவர் வீட்டிலும் எல்லோரும் ஓர் ஊரில் இல்லை. ஒரு மகன் வளைகுடாவில். ஒரு மகள் பெங்களூரில். மூத்தவர்கள் மலையிலோ சொந்தச் சீமையிலோ. தொலைபேசியில் பேசிவிட்டு வைத்தபின், “அவன் பழைய மாதிரி இல்லை, குரலே மாறிவிட்டது” என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்கிறேன். அந்தப் பக்கத்திலும் இதையே சொல்கிறார்கள் என்பது, இரு பக்கத்துக்கும் அறிமுகமான என்னைப் போன்றோர்க்குத் தெரியும். வேலை முடித்துக் களைத்து வந்தவன் பேசும் நேரம், இங்கே தாய் உறங்கப்போகும் நேரமாக இருக்கிறது. அவன் கவலை சம்பள நாளைப் பற்றியது. இவர்கள் கவலை மழைக்கு ஒழுகும் ஓட்டைப் பற்றியது. அவனை இங்கிருந்து திருத்த முயல்வதும், இவர்களை அவன் அங்கிருந்து திருத்த முயல்வதும், நான் மேலே சொன்ன துரத்தலில்தான் முடிகின்றன. இடையே நிலையாக வைத்துக்கொள்ள வேண்டியது எது என்பதை மனத்தில் கொண்டு, அவரவர் தம் பக்கத்தைச் சற்றே திருப்பிக்கொள்ளலாம்.

நம் வீட்டு இளைஞர்களில் பத்தாம் வகுப்பு அளவு கணக்கும் விஞ்ஞானமும் அறிந்தவர் எவரும் இந்தக் கலையைப் பயிலலாம். உரிமத் தேர்வுக்கு அடிப்படை மின்னியலும் வானொலி விதிகளும் படித்தால் போதும். ஆன்டெனாவுக்கு வேண்டியது ஓர் அளவு நாடாவும் ஒரு மரச் சட்டமும். ஐந்து எண்களைக் குறித்துக்கொண்டு, கோள் வரும் நேரத்தைப் பார்த்துவிட்டு, வெளியான ஓரிடத்தில் நின்றால் ஆயிற்று. மலையில் இருப்பவர்கள் மட்டும் கிழக்குச் சுவர் இல்லாத மேடு ஒன்றைத் தேர்ந்துகொள்வது நல்லது.